நாலு கிளாஸும் ஒரு டம்ளரும்

வாங்க சார், உக்காருங்க. ஜன்னல் பக்கம் வேணாம், சாரல் அடிக்கும், இந்தப் பக்கம் வாங்க. ஒயின் ருசி பாக்க எட்டுப் பேரு வரேன்னு ஓட்டல்ல எழுதி வெச்சிருந்தாங்க. பெங்களூரு மழை ஏழு பேரை வீட்டுலயே உக்கார வெச்சிருச்சு. அதனால என்ன, ஒரு ஆளு வந்தாலும் நாலு பாட்டிலையும் தொறந்தாகணும், இங்க அதுதான் வழக்கம்.

உங்க பேரைப் பாத்ததுமே தமிழ் ஆளுன்னு நினைச்சேன். நல்லதாப் போச்சு. இல்லாட்டி ஒரு மணி நேரம் இங்கிலீஷ்ல வாயைக் கோணிக்கிட்டு நின்னிருப்பேன். என் பேரு மருதையன். சட்டையில 'மார்க்'னு குத்தியிருக்காங்க, வெள்ளைக்காரங்க வாயில நுழையணுமாம். பதினாலு வருசமா மார்க்குதான். ஊரு திருச்சிக்கு வடக்க, கூத்தம்பாடி. கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. போன சித்திரையில பேப்பர்ல பாத்திருந்தாலும் பாத்திருப்பீங்க. அதை விடுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இந்த ஜாடி இருக்கு பாருங்க, இது துப்புறதுக்கு. கூச்சப்படாதீங்க. வாயில வெச்சு, உருட்டி, ருசி பாத்துட்டுத் துப்பிடணும். குடிக்கிறவன் வேற, ருசி பாக்குறவன் வேற. நான் இத்தனை வருசத்துல ஒரு வாய் முழுங்கினதில்ல. கல்யாணத்தப்ப என் வீட்டுக்காரி செண்பகம் கேட்ட ஒரே சத்தியம் அது, இன்னிக்கு வரைக்கும் காப்பாத்துறேன். அவளுக்கு அதெல்லாம் இப்பப் பெருசாத் தெரியாது.

இது நாசிக் ஊரு வெள்ளை ஒயின். நம்ம நாட்டுச் சரக்குதான், இளப்பமா நினைக்காதீங்க. கிளாஸைத் தண்டுல புடிங்க. மேல புடிச்சா கைச்சூடு ஏறிடும். லேசா சுத்துங்க. இப்ப மூக்கை உள்ள விடுங்க. என்ன வருது? கொய்யாக்கா வரும் பாருங்க. பழம் இல்ல, காய். மரத்துலேருந்து பறிச்சு அப்பவே கடிச்ச காய். அதுக்குப் பின்னாடி அறுத்த புல்லு. வருதா? தலையாட்டுறீங்க, ஆனா உங்களுக்கு வரல. மூஞ்சியிலயே தெரியுது. பரவால்ல சார். வரலன்னா வரலன்னு சொல்லணும். இந்தத் தொழில்ல முதல் பாடமே அதுதான், எங்க மிஸ் முதல் நாளே சொல்லிக்குடுத்தாங்க.

நான் இங்க வந்தது கிளாஸ் கழுவ. கழுவ வர்ற கிளாஸை மோந்து பாத்தே, எந்த மேஜையில என்ன குடிச்சாங்கன்னு சொல்லுவேன். பசங்க சிரிப்பானுங்க. ஒரு நாள் மேனேஜர் காதுல விழுந்துச்சு. அப்ப பூனாவுலேருந்து ஒரு மிஸ் வந்திருந்தாங்க, பரிமாறுற ஆளுங்களுக்கு ஆறு மாச வகுப்பு எடுக்க. என்னையும் பின் பெஞ்சுல உக்கார வெச்சாங்க. அவங்க இங்கிலீஷ்ல சொல்லுவாங்க, நான் தமிழ்ல எழுதிக்குவேன். இருநூறு பக்க நோட்டு, ரெண்டு பக்கமும் எழுதி நிரப்பினேன். 'மார்க், உன் நாக்கு கடவுள் குடுத்தது, ஆனா நாக்கை நம்பி மூளையைக் கழட்டி வெச்சிடாதே'ன்னு சொல்லுவாங்க. நல்ல மனுசி.

இப்ப வாயில வைங்க. காத்தை உறிஞ்சுங்க, ரசம் உறிஞ்சுற மாதிரி சத்தம் வரலாம், இங்க யாரும் திட்ட மாட்டாங்க. ஆங். இப்பத் துப்புங்க. முழுங்கிட்டீங்களா? சரி, முதல் கிளாஸை எல்லாரும் முழுங்கிடுவாங்க.

ரெண்டாவது ஜெர்மனி. மோசல்னு ஒரு ஆறு, கரை ரெண்டும் செங்குத்தான மலை, கயித்தைக் கட்டிக்கிட்டுத்தான் பழம் பறிப்பாங்களாம். மோந்து பாருங்க. என்ன சார் மூஞ்சியைச் சுளிக்கிறீங்க? மண்ணெண்ணெய் நாத்தம் வருதுல்ல? அதுதான் வரணும். இந்தச் சரக்குல வயசாக வயசாக மண்ணெண்ணெய் வாசனை வரும், விலையும் அதுக்கு ஏத்தாப்புல ஏறும். வெளியாளு மோந்தா கெட்டுப்போச்சும்பான். தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும் இது நல்லதுன்னு. நாத்தம் அடிக்கிறதெல்லாம் கெட்டதும் இல்ல, மணக்கிறதெல்லாம் நல்லதும் இல்ல. இதை நான் நூறு பேருக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன்.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஒரு போட்டி வெச்சாங்க. கண்ணைக் கறுப்புத் துணியால கட்டி முன்னாடி ஆறு கிளாஸ். எந்த நாடு, என்ன திராட்சைன்னு சொல்லணும். நான் அஞ்சு சொன்னேன். ஒரு தமிழ்ப் பேப்பர்ல படம் வந்துச்சு, கண்ணு கட்டின படம். எங்க ஊர் ரைஸ்மில் முதலாளி நடேசன் அதைக் கத்தரிச்சு மில்லு ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருந்தாரு. எங்கப்பா முப்பது வருசம் மூட்டை தூக்கின மில்லு சார் அது. அங்க எங்க தெரு ஆளு ஒருத்தன் படம் சுவத்துல. நினைச்சுப் பாருங்க.

நீங்க ரெண்டாவதைத் துப்பிட்டீங்க. நல்லது, கத்துக்கிட்டீங்க.

உங்களுக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே? மழை இப்போதைக்கு விடாது. சொல்றேன். உங்களை நான் இனிமே பாக்கப்போறதில்ல, அதனால சொல்லலாம். எங்க ஊருல நான் வாயைத் தொறந்தா எல்லாரும் எழுந்து போயிடறாங்க.

போன சித்திரையில மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தேன், நாலு நாள் லீவு. தேர்தலும் அதே வாரம் வந்துச்சு. அதுக்காக அரசாங்கக் கடையைப் பூட்டிட்டாங்க. திருவிழாவுல கடை பூட்டினா ஊரு தாங்குமா? மில்லுக்காரர் எங்கேருந்தோ ரெண்டு வெள்ளைக் கேன்ல சாராயம் இறக்கினாரு. அவருக்கு இல்ல, அவருக்கு மிலிட்டரி சரக்கு பீரோவுல தனியா இருக்கும். இது மூட்டை தூக்குற ஆளுங்களுக்கு. திருவிழா அன்னிக்கு அவங்களுக்கு ஊத்துறது அவரு அப்பா காலத்து வழக்கம். மூட்டை தூக்குறவங்க அத்தனை பேரும் எங்க தெரு. ஒரு வடக்கத்தி ஆளு மட்டும் புதுசாச் சேந்திருந்தான்.

அதுக்கு முந்தின வாரம்தான் வேற ஏதோ ஊர்ல கள்ளச்சாராயம் குடிச்சுச் செத்துட்டாங்கன்னு டிவியில ஓடுச்சு. அதனால டம்ளரைத் தொட யோசிச்சிருக்காங்க. காசி அண்ணன்னு ஒருத்தரு, குடிக்காத நாள் கிடையாது, அவரே 'மொதல்ல மொதலாளி ஒரு வாய் குடிக்கட்டும்'னு சொல்லிட்டாராம். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாராம். இருந்தாலும் பத்து பேரு முன்னாடி சொல்லிட்டாருல்ல. மில்லுக்காரருக்குச் சங்கடமாப் போச்சு. அப்பத்தான் சுவத்துல இருந்த படத்தைப் பாத்திருக்காரு. 'நம்ம மருதையன் ஊருலதான இருக்கான், நாக்குல வெச்சே சொல்லிடுவானே'ன்னு ஆளு அனுப்பினாரு.

அனுப்பின ஆளு வேற யாரும் இல்ல, என் மச்சினன் பூபாலன். செண்பகத்துக்கு ஒரே தம்பி. பம்புசெட் மெக்கானிக். மோட்டார் சத்தத்தை வெச்சே எந்த இடத்துல கோளாறுன்னு சொல்லுவான். அன்னிக்கு மில்லு மோட்டாரைப் பாக்க வந்திருந்தான். வீட்டுக்கு ஓடி வந்து, 'மாமா, ஒன்னையத்தான் கூப்புடுறாங்க, மொதலாளியே கூப்புடுறாரு'ன்னு அவனுக்குத்தான் மூச்சு வாங்குது. காலையில பத்து மணி இருக்கும். நான் இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டுப் போனேன்.

களத்துல எல்லாரும் நின்னாங்க. மில்லுக்காரர் ஆபீஸ் உள்ள போயி ஒரு நாற்காலி எடுத்துட்டு வந்தாரு. அவரே எடுத்துட்டு வந்தாரு சார், ஆளை விட்டு இல்ல. போட்டு, 'உக்காருங்க மருதையன்'னாரு. 'உக்காருடா' இல்ல. எங்கப்பா அந்தக் களத்துல ஒரு நாளும் உக்காந்ததில்ல. சோறு திங்கிறப்பகூட மூட்டைக்குப் பின்னாடி போயிக் குந்திக்கிட்டுத்தான் திம்பாரு. நான் உக்காந்தேன். கண்ணாடி டம்ளரை அவரு தோள் துண்டாலயே துடைச்சு, ஊத்திக் கையில குடுத்தாரு.

நான் முறையாத்தான் செஞ்சேன். இங்க உங்களுக்குச் சொல்லிக்குடுத்தேன்ல, அதே முறை, ஒண்ணு விடல. வெயிலுக்கு நேரா தூக்கிப் பாத்தேன், தெளிவா இருந்துச்சு. சுத்தினேன். மோந்தேன், பழுத்த வாழைப்பழம். வாயில வெச்சு உருட்டினேன். காத்தை உறிஞ்சினப்ப பின்னாடி ரெண்டு பேரு சிரிச்சாங்க, மில்லுக்காரர் அவங்களை ஒரு பார்வை பாத்தாரு, அடங்கிட்டாங்க. எழுந்து போயி வாய்க்கால்ல துப்பினேன். வந்து மறுபடி நாற்காலியில உக்காந்து சொன்னேன். 'காரமே இல்ல. தொண்டையைப் புடிக்கல. வழவழன்னு இறங்குது, கடைசியில லேசா ஒரு இனிப்பு வருது. நல்லா இறக்கின சரக்கு.' இவ்வளவுதான் சொன்னேன். அதுல ஒரு வார்த்தை தப்பு கிடையாது. இன்னிக்கு ஊத்திக் குடுத்தாலும் அதைத்தான் சொல்லுவேன்.

'மாமா சொல்லிட்டாருல்ல'ன்னு முதல் டம்ளரை எடுத்தவன் பூபாலன். அவன் எப்பவாவதுதான் குடிப்பான். அன்னிக்கு எனக்காகக் குடிச்சான்னு நினைக்கிறேன். மாமா பேச்சுக்கு ஒரு மரியாதை.

மூணாவது ஊத்துறேன். இது பிரான்சு, போர்தோ. இதைத்தான் இந்தத் தொழில்ல ராஜான்னு சொல்லுவாங்க. நாவப்பழம் தின்னா நாக்கு எப்படிப் புடிக்கும், அப்படிப் புடிக்கும். இதுல அந்தப் புடிப்புதான் உசுரு. மூக்கை விட்டுப் பாருங்க, சீவின பென்சில் வாசனை வரும். பள்ளிக்கூடத்துல சீவுவோமே, அதே பென்சில். மெதுவாப் பாருங்க, ஒண்ணும் அவசரம் இல்ல.

அன்னிக்கு சாயந்திரமே நான் பஸ் ஏறிட்டேன். லீவு முடிஞ்சுது, அதனாலதான். டிக்கெட் மறுநாளைக்குத்தான் எடுத்திருந்தேன், அது வேற விசயம். இங்க ஆளு பத்தலன்னு போன் வந்துச்சு. வந்த மாதிரிதான் ஞாபகம். செண்பகமும் கூடவே வந்தா. அவ தம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து பையை ஏத்திவிட்டான், நல்லாத்தான் இருந்தான், லேசா தலைவலின்னான். வெயில்டா, மோர் குடிச்சிட்டுப் படுன்னேன்.

மறுநாள் காலையில போன். 'மாமா, எல்லாம் வெள்ளையாத் தெரியுது, மார்கழிப் பனி மாதிரி இருக்கு'ன்னான். சித்திரை மாசம் சார். அந்நேரத்துக்குக் காசி அண்ணன் போயிட்டாரு. மத்தியானத்துக்குள்ள லோகு, அப்புறம் பொன்னுச்சாமி. அந்த வடக்கத்தி ஆளை ஆஸ்பத்திரியில சேத்தப்ப பேரு கேட்டிருக்காங்க, யாருக்கும் தெரியல. மூணு நாள் கழிச்சு அவன் அண்ணன் வந்தப்பத்தான் பேரே தெரிஞ்சுது. நாலு உசுரு. பூபாலன் உசுரு தங்குச்சு, கண்ணு போச்சு. ரெண்டும் போச்சு. பாத்தா ஒண்ணும் தெரியாது, நல்ல கண்ணு மாதிரியேதான் இருக்கு. உள்ள நரம்பு செத்துப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு. தூசி படக் கூடாதுன்னு கறுப்புக் கண்ணாடி குடுத்திருக்காங்க.

இப்ப ஊரே என்னைத்தான் சொல்லுது. கேன் கொண்டுவந்தவனைச் சொல்லல. விஷத்தை ஊத்தினவன் எவனோ, அவன் மூஞ்சியே யாருக்கும் தெரியாது. மில்லுக்காரரைக்கூட அவ்வளவாச் சொல்லல, செத்தவங்க வீட்டுக்கு ஆளுக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்பிட்டாரு. காசி அண்ணன் பொண்டாட்டி என் வாசல்ல மண்ணைத் தூத்திட்டுப் போனா. நான் என்ன பண்ணேன்? ருசி பாக்கச் சொன்னாங்க, பாத்தேன். உள்ள ருசியைச் சொன்னேன். நீங்களே சொல்லுங்க சார், படிச்சவரு.

கிளாஸைக் கையிலயே வெச்சிருக்கீங்க, சூடு ஏறிடும். கீழ வைங்க.

மில்லுக்காரர் இன்னிக்கும் என்கிட்ட மரியாதையாத்தான் பேசுறாரு. அதைச் சொல்லணும். அவரு வெச்ச வக்கீலே எனக்கும் பாக்குறாரு. ஆர்.டி.ஓ. விசாரணை நடக்குது. வக்கீல் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: மருதையனுக்கு விஷம்னு தெரியாது, தெரிய வழியும் இல்ல, நல்ல எண்ணத்துல சொன்னாரு. அதை யாரு சொன்னா எடுபடும்? கண்ணு போனவன் சொன்னா எடுபடும். பூபாலன் சொல்றேன்னுட்டான். வக்கீல் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்றேன்னுட்டான். ஊரு முழுக்க என்னைத் திட்டுறப்ப அவன் ஒருத்தன்தான் கயித்துக் கட்டில்ல உக்காந்துக்கிட்டு எல்லார்கிட்டயும் சண்டை போடுறான். 'எங்க மாமாவுக்குத் தெரிஞ்சா என்னக் குடிக்க விட்டிருப்பாரா'ன்னு கேக்குறான். விசாரணை நாளைக்கு. அவன் சொல்லிட்டா என் மேல ஒண்ணும் இல்ல. வேலையும் நிலைக்கும். ஓட்டல்லயும் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க. பேரு அடிபட்டா மறுநாளே அனுப்பிடுவாங்க.

செண்பகம்தான் குறுக்க நிக்கிறா.

அவ தம்பியைப் பாத்துக்க ஊருக்குக் கிளம்பினப்ப, பரண் மேல இருந்த பொட்டியை இறக்கினா. துணி எடுக்க. அடியில அந்த வகுப்பு நோட்டு இருந்துச்சு. அவ பத்தாவது வரைக்கும் படிச்சவ, எது கையில கிடைச்சாலும் படிப்பா, மளிகைப் பொட்டலம் கட்டின காகிதத்தைக்கூட விட மாட்டா. அந்த வாரத்துல இதைப் படிக்காம இருப்பாளா? நான் வேலை முடிச்சுப் போனப்ப தரையில உக்காந்து படிச்சிட்டிருந்தா. ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னாடி வெச்சா. என் கையெழுத்துதான். 'மெத்தனால். நிறத்தை வெச்சோ, மணத்தை வெச்சோ, ருசியை வெச்சோ கண்டுபிடிக்க முடியாது. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் முடியாது. காரம் குறைவா, லேசா இனிக்கும், அதனால இன்னும் நல்ல சரக்கு மாதிரி தோணும். ஏமாறக் கூடாது.' அடியில ரெண்டு கோடு போட்டிருந்தேன்.

பரீட்சைக்கு எழுதினது சார் அது. பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி. எழுதினதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? இருநூறு பக்கத்துல எங்கயோ நாலு வரி. அதைத்தான் நான் செண்பகத்துகிட்ட சொன்னேன். 'மறந்துபோச்சு'ன்னேன்.

அவ என் மூஞ்சியையே பாத்தா. அவளுக்கு என் மூஞ்சி தெரியும்.

உங்ககிட்ட என்ன மறைக்கிறது. ஞாபகம் இருந்துச்சு. ஞாபகம் இருந்துச்சுன்னா, முன்னாடியே இல்ல. அந்த இனிப்பு வந்துச்சு பாருங்க, கடைசியில, நாக்கு ஓரத்துல. அப்ப வந்துச்சு. மிஸ் குரல்லயே வந்துச்சு. வாயில சரக்கு இருக்கு, எழுந்து வாய்க்காலுக்குப் போறேன், ஒரு பத்தடி தூரம் இருக்கும். அந்தப் பத்தடியில எனக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சு. விஷம்னு தெரியல சார், அதைச் சரியாப் புரிஞ்சுக்கணும். விஷமா இல்லையான்னு என்னால சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சுது. திரும்பி வந்து 'இதை நாக்கு வெச்சுச் சொல்ல முடியாது, மொதலாளி'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வாயில வார்த்தைகூட வந்திருச்சு. அந்த நாற்காலியைப் பாத்தேன். வெயில்ல காலியாக் கிடந்துச்சு, எல்லாரும் அதைச் சுத்தி நிக்கிறாங்க, எனக்காக நிக்கிறாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டு அதுல எப்படிப் போயி உக்காருறது? நின்னுக்கிட்டேதான் இருக்கணும். அப்புறம் அவரு நாற்காலியை உள்ள எடுத்துட்டுப் போயிடுவாரு.

நூறு கேன்ல ஒரு கேன்லதானே இப்படி ஆகுது? அப்படித்தான் நினைச்சேன். எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க. பஸ்ல வர்றப்பகூட நினைச்சேன், ஒரு போன் பண்ணி, யாருக்காவது தலைவலி இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாமான்னு. போன் கையிலயேதான் இருந்துச்சு, சேலம் வரைக்கும். பண்ணலாம், ஆனா ஒண்ணும் இல்லன்னா சிரிப்பாங்க. செண்பகம் பக்கத்துலதான் தூங்கிட்டிருந்தா. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா கண்ணு தங்கியிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, நடந்து முடிஞ்சப்புறம்.

செண்பகம் சத்தம் போடல. அழக்கூட இல்ல. நோட்டை மூடிப் பையில வெச்சுக்கிட்டு சொன்னா: 'நான் அவன்கிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. சொல்லிட்டு, அதுக்கப்புறமும் அவன் உங்களுக்காகப் பேசினான்னா பேசட்டும். ஆனா தெரியாம பேச விடாதீங்க. அவனுக்கு இப்ப மிச்சம் இருக்கிறது வார்த்தை மட்டும்தாங்க.' சொல்லிட்டுப் போனவதான். நாலு மாசம் ஆச்சு. நான் போன் பண்ணா எடுத்துத் தம்பிகிட்ட குடுத்துடறா.

போன ஞாயித்துக்கிழமை போனேன், சொல்லத்தான் போனேன். சத்தியமா சொல்லத்தான் போனேன். என் செருப்புச் சத்தம் கேட்டே, 'மாமா'ன்னான். கையைப் புடிச்சுப் பக்கத்துல உக்கார வெச்சான். கையை விடவே இல்ல. ஒரு பழைய மோட்டாரைக் கழட்டித் தரையில பரப்பி வெச்சிருக்கான், தடவித் தடவி மாட்டிப் பழகுறான். 'ஆறு மாசத்துல கத்துக்குவேன் மாமா, நீ கவலைப்படாத'ன்னு எனக்கு ஆறுதல் சொல்றான். செண்பகம் நிலைப்படியில நின்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. காப்பி வந்துச்சு, குடிச்சேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எழுந்துட்டேன். சொல்லாம இல்ல சார், சொல்ல வரல.

கடைசி கிளாஸ். ஹங்கேரி. திராட்சையைக் கொடியிலயே விட்டு, பூஞ்சை புடிச்சு, சுருங்கி, அழுகினப்புறம் பறிப்பாங்க. பாத்தா குப்பையில கொட்டத் தோணும். அதைப் புழிஞ்சா இந்தப் பொன்னு நிறம் வருது பாருங்க. தேன், காய்ஞ்ச ஆப்ரிகாட் பழம், ஆரஞ்சுத் தோலு. ராஜாக்கள் சாகக் கிடந்தா இதைத்தான் உதட்டுல தடவுவாங்களாம். எடுத்துக்கோங்க. ஏன் சார், நகத்தி வைக்கிறீங்க? இது சீல் வெச்சு வந்த பாட்டில், உங்க கண்ணு முன்னாடிதான் தொறந்தேன். நானும் ஒரு வாய் வெச்சுக் காட்டட்டுமா?

ஒரு நிமிசம் சார். மன்னிக்கணும், வேலை நேரத்துல எடுக்கக் கூடாது. ஊருலேருந்து வருது.

சொல்லு பூபாலு. சாப்புட்டியா? ... ஆமா, நாளைக்குக் காலையில. வக்கீல் கார் அனுப்புவாரு, நீ பஸ்ஸுக்கெல்லாம் அலைய வேணாம். ... என்னது? ... அக்கா பக்கத்துல இருக்காளா? ... என்ன சொல்றா? ... ஒண்ணும் சொல்லலையா. சரி.

பூபாலு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா. ... இல்ல. ஒண்ணும் இல்ல. இங்க மழை, சரியாக் கேக்கல, அதான். ... என்ன சொல்லணும்னா கேக்குற? உள்ளதைச் சொல்லு. பயப்படாம சொல்லு. நான்தான் போயி மாமாவைக் கூட்டிட்டு வந்தேன். மாமா ருசி பாத்தாரு. மாமாவுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னைக் குடிக்க விட்டிருக்க மாட்டாரு. அவ்வளவுதான். எங்க, ஒரு தடவை சொல்லு பாப்போம். ... ஆங். ... ஆங். ... அதேதான். ... என்ன? ... ஆமா. அப்படியே பண்ணு. சரிடா, வெச்சுடு.

அவன்தான் சார். நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான், ஒரு வார்த்தை மாறல. கடைசியில அவனா ஒண்ணு கேட்டான். 'மாமா, நான் இதைச் சொல்றப்ப கண்ணாடியைக் கழட்டிடவா? கண்ணைப் பாத்தாத்தான அவங்களுக்கு நம்பிக்கை வரும்'னான். கழட்டிடுன்னு சொல்லிட்டேன்.